பூங்கா வானொலி அறையை இடிக்காதீர்கள்: நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர், ஆணையாளர், மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

நகராட்சிப் பூங்காவின் வடக்கு மூலையில் உள்ள வானொலி அறையை இடித்துவிட்டு, அந்த இடத்தில் ஊர்ப் பெயரை மின்விளக்கில் எழுதிய பலகையும் செல்ஃபி எடுக்கும் மேடையும் அமைப்பது என்று சென்ற கூட்டத்தில் விவாதமே இல்லாமல் நீங்கள் நிறைவேற்றிய தீர்மானத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தீர்மானக் குறிப்பில் அந்த அறை, ‘பயன்பாட்டில் இல்லாத, பழுதடைந்த கட்டடம்’ என்று ஒரே வரியில் முடிக்கப்பட்டிருக்கிறது. அந்த வரிக்கு மை காய்வதற்குள் பணியாளர்கள் வந்து, உள்ளே இருந்த ஆம்ப்ளிஃபையர், இரண்டு கூம்பு ஒலிபெருக்கிகள், கரும்பலகை, மர அலமாரி ஆகியவற்றோடு அலமாரிக்குள் கட்டி வைத்திருந்த பதிவேடுகளையும் வண்டியில் ஏற்றி நகராட்சிக் கிடங்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கிடங்கில் இருப்பவை அடுத்த ஏலத்தில் எடைக்குப் போகும் என்று அங்கேயே எனக்குச் சொல்லப்பட்டது. இந்த மடலைத் தள்ளிப்போடாமல் எழுதுவதற்குக் காரணம் அந்த ஏலம்தான்.

அந்த அறையில் ரேடியோ ஆபரேட்டராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நகராட்சி ஊழியரின் மகள் நான். அரசுப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள். என் தகப்பனார் உட்கார்ந்திருந்த இடம் என்பதற்காக ஒரு பொதுக் கட்டடத்தைக் காப்பாற்றுங்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. நான் அதைக் கேட்கவும் இல்லை. நாடு போரில் இருக்கும்போது ஊர் முழுவதும் ஒரே செய்தியை, ஒரே நேரத்தில், அதற்குப் பொறுப்பேற்கும் ஒருவர் முன்னிலையில் கேட்கும்படி செய்வது தன் கடமை என்று இந்த நகராட்சி ஒரு காலத்தில் கருதியது. அந்தக் கடமை எப்போது முடிந்தது, யார் அதை முடித்து வைத்தார்கள் என்பதற்கு உங்கள் தீர்மானத்தில் விடை இல்லை.

அறையின் வாசலுக்கு மேலே பதித்திருக்கும் கல்லில் 1941 என்று ஆண்டு வெட்டியிருப்பதை உங்களில் சிலராவது பார்த்திருப்பீர்கள். சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16-ஆம் நாளும், திருச்சி நிலையம் 1939 மே 16-ஆம் நாளும் தொடங்கின. திருச்சி நிலையம் தொடங்கி நான்கு மாதம் ஆவதற்குள், அந்த ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள், இந்தியர் எவரையும் கேட்காமலேயே இந்தியாவும் இரண்டாம் உலகப் போரில் இறங்கிவிட்டதாக வைசிராய் லின்லித்கோ அறிவித்தார். பெட்டி வாங்கப் பெருந்தொகை வேண்டும், வாங்கிய பிறகு அதை வைத்திருக்க ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணமும் கட்ட வேண்டும் என்றிருந்த காலம் அது. பெரிய பண்ணையக்காரர் வீடு, மில் முதலாளியின் பங்களா இவற்றைத் தவிர ஊரில் வேறெங்கும் வானொலி கிடையாது. அதனால்தான் அன்றைய முனிசிபல் கவுன்சில் பூங்காவில் ஓர் அறை கட்டி, பெட்டி வாங்கி வைத்து, மரத்தின் மீது கூம்பு கட்டி, அதை இயக்கச் சம்பளத்துக்கு ஓர் ஆளையும் நியமித்தது. கோவைக்கு என்று தனி நிலையம் வந்தது 1960களில்தான். அதுவரை கொங்கு நாட்டு ஊர்கள் பெரும்பாலும் திருச்சியைத்தான் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தன.

அந்தக் கூம்பு வழியாக வந்தது எல்லாம் உண்மை என்று நான் வாதாடவில்லை. வெள்ளைக்காரன் வானொலி வெள்ளைக்காரனுக்கு வேண்டியதைத்தான் பேசியது. 1942 ஆகஸ்டில் சூலூர் விமானத் தளத்தைப் போராட்டக்காரர்கள் கொளுத்திய சேதியை நம் ஊர்க்காரர்கள் சந்தைக்கு வந்தவர்கள் வாயால்தான் தெரிந்துகொண்டார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே மாதம் 27-ஆம் நாள் பம்பாயில் உஷா மேத்தாவும் அவருடைய தோழர்களும் 42.34 மீட்டர் அலைவரிசையில் காங்கிரஸ் வானொலியை ரகசியமாகத் தொடங்கி, நவம்பரில் போலீஸ் பிடிக்கும்வரை இடம் மாற்றி மாற்றி நடத்தினார்கள். நேதாஜியின் ஆசாத் ஹிந்த் வானொலி முதலில் ஜெர்மனியிலிருந்தும் பின்னர் சிங்கப்பூரிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் பேசியது. அது பேசிய மொழிகளில் தமிழும் ஒன்று. லண்டனிலிருந்து பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு தொடங்கியதும் போரின் நடுவே, 1941 மே மாதத்தில்தான். போர் என்று வந்துவிட்டால் ஒவ்வொரு வானொலியும் ஒரு பக்கம் நின்றே பேசும். அப்படிப் பேசுவதைத் தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்பதற்கும், நான்கு பேரோடு சேர்ந்து கேட்டு, அதில் எது சரி, எது மிகை என்று அங்கேயே பேசித் தெளிவதற்கும் எவ்வளவு வேறுபாடு என்பதை நான் கண்ணால் பார்த்த நாள் ஒன்று உண்டு. அது 1971 டிசம்பர் 4, சனிக்கிழமை.

முந்தைய நாள் மாலை 5.40 மணிக்குப் பாகிஸ்தான் விமானங்கள் அமிர்தசரஸ், பதான்கோட், ஸ்ரீநகர், ஆக்ரா முதலிய இடங்களின் விமானத் தளங்களைத் தாக்கின. குடியரசுத் தலைவர் வி.வி. கிரி நெருக்கடி நிலையை அறிவித்தார். கல்கத்தாவில் இருந்த பிரதமர் இந்திரா காந்தி டெல்லி திரும்பி, நள்ளிரவுக்குப் பிறகு வானொலியில் நாட்டுக்கு உரையாற்றினார். ஊர் தூங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அப்பா கூம்பை அணைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் மெல்லிய ஒலியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். விடிவதற்கு முன்பே அன்றைய நகர்மன்றத் தலைவர் ஆளனுப்பிவிட்டார். வழக்கமாகக் காலையில் கொஞ்ச நேரமும் மாலை ஐந்து முதல் ஒன்பது வரையும் மட்டுமே திறக்கும் அறையை, மறு உத்தரவு வரும்வரை காலை முதல் இரவுவரை திறந்து வைக்க வேண்டும் என்பது உத்தரவு. நீங்கள் இன்று உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள் எடுத்த முடிவு அது. அதற்காகும் மின்கட்டணத்தைப் பற்றி அவர்கள் அன்று கவலைப்பட்டதாக நினைவில்லை.

அப்பா கதவைத் திறந்ததும் செய்த முதல் வேலை, சுவரோரம் கரியும் உப்பும் போட்டுப் புதைத்திருந்த எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியது. குழி காய்ந்திருந்தால் பெட்டி இரையும்; இரைச்சலில் ஓர் ஊர்ப் பெயர் காதில் மாறி விழுந்தால் போதும், வெளியே நிற்பவர்கள் ஆளுக்கொரு கதை கட்டிவிடுவார்கள். பிறகு பெட்டியைப் போட்டார். வால்வு சூடேறும்வரை சத்தம் வராது. முகப்பில் பச்சைக் கண் போல ஒரு விளக்கு உண்டு. நிலையம் சரியாகப் பிடிபடப் பிடிபட அந்தக் கண் குவிந்துகொண்டே வந்து ஒரு கோடாக நிற்கும். கோடாக நின்ற பிறகே ஆம்ப்ளிஃபையரை இணைத்துக் கூம்புக்குச் சத்தம் விடுவார். அன்றும் ஆகாசவாணியின் முகப்பு இசையும், வந்தே மாதரமும், மங்கள இசையும் வழக்கம்போலத்தான் வந்தன. போர் தொடங்கிய காலையிலும் நாதசுரம் கேட்கிறதே என்று அப்போது எனக்கு வியப்பாக இருந்தது. பெரியவர்கள் அதைக் கேட்டுத்தான் ஆறுதல் அடைந்தார்கள் என்பது எனக்கு வயதான பிறகே விளங்கியது.

அன்று நம் சந்தை நாள். மஞ்சளும் புகையிலையும் ஏற்றி வந்த வண்டிகள் பூங்காவைச் சுற்றி நின்றன. இரவு ஷிப்ட் முடித்த மில் தொழிலாளர்கள் வீட்டுக்குப் போகாமல் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்கள். டெல்லியிலிருந்து காலைத் தமிழ்ச் செய்தி தொடங்கியபோது மாட்டுக் கழுத்து மணியைத் தவிர வேறு ஓசை இல்லை. உயர்நிலைப் பள்ளியின் புவியியல் ஆசிரியர் பள்ளியில் இருந்த இந்திய வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டுவந்து அறைச் சுவரில் மாட்டி, செய்தியில் வந்த ஒவ்வோர் ஊரையும் கோலால் தொட்டுக் காட்டினார். ஒவ்வொரு செய்தி அறிக்கையும் முடிந்தவுடன் அதன் சாரத்தை நேரத்தோடு வாசல் கரும்பலகையில் எழுத வேண்டும். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அந்த வேலை எனக்கு. அப்பா அதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். வானொலியில் சொன்னது மட்டுமே பலகையில் ஏறலாம். யாராவது வந்து, ‘கோயமுத்தூர்ல சொல்லிக்கிறாங்க’ என்று தொடங்கினால் சுண்ணக்கட்டியை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிடுவார்.

மதியம், சந்தை கலையும் நேரத்தில், பவானிசாகர் அணையில் குண்டு போட்டுவிட்டார்கள் என்று ஒரு புரளி கிளம்பியது. மில் சங்கு நேரம் தவறி ஊதியதுதான் அதற்குத் தொடக்கம் என்று பின்னர் தெரிந்தது. அரை மணி நேரத்தில் கடைவீதியில் பலகைகள் அடைபட்டன. உப்பு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி ஆகியவற்றின் விலை ஏறியது. வண்டிக்காரர்கள் விற்காத சரக்கைத் திருப்பி ஏற்றத் தொடங்கினார்கள். வானொலியில் அடுத்த தமிழ்ச் செய்திக்கு இன்னும் நேரம் இருந்தது. கூட்டம் அறை வாசலில் வந்து நெருக்கியது. ‘ஏனுங்க, மைக்குல ஒரு வார்த்தை அப்படியெல்லாம் இல்லைன்னு சொல்லுங்க’ என்று பலரும் கேட்டார்கள். அப்பா சொல்லவில்லை. தனக்குத் தெரியாத ஒன்றை இல்லை என்று சொல்வதும் புரளிதான் என்பது அவர் எண்ணம். நகராட்சி மேலாளரிடம் ஆளனுப்பினார். மேலாளர் டிரங்க் கால் போட்டுப் பொதுப்பணித் துறை அலுவலகத்தில் விசாரித்து, அணைக்கு எந்தச் சேதமும் இல்லை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, நேரம் குறித்து, கையெழுத்திட்டு, தானே நேரில் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா அந்தச் சீட்டை வரி மாறாமல் வாசித்தார். யார் கையெழுத்திட்டது என்பதையும் சேர்த்து வாசித்தார். அதற்குள் புவியியல் ஆசிரியர் வரைபடத்தை வைத்து, எதிரி விமானம் இவ்வளவு தூரம் வந்து திரும்பிப் போக முடியாது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அது சரியான விளக்கம்தான். ஆனாலும் ஊர் அடங்கியது அந்த விளக்கத்தால் அல்ல, கீழே ஒரு கையெழுத்து இருந்ததால்தான் என்பது என் உறுதியான கருத்து. உப்புக் கடைக்காரர் பலகையைத் திறந்ததை நானே பார்த்தேன். அந்தத் துண்டுச் சீட்டு அன்றைய பதிவேட்டுப் பக்கத்தில் கோந்து போட்டு ஒட்டப்பட்டது. நீங்கள் கிடங்குக்கு அனுப்பியிருக்கும் பதிவேடுகளில் அதுவும் இருக்கிறது.

பட்டாளத்தில் மகன் இருந்த தாய்மார்கள் அன்று மாலை வந்தார்கள். அவர்களில் ஒருவர் வாசற்படியில் உட்கார்ந்து, ‘எம்பட பையன் பேரு ஏதாச்சும் சொன்னாங்களா?’ என்று கேட்டார். வானொலியில் பெயர்கள் வாசிப்பார்கள் என்று அவர் நினைத்திருந்தார். அப்பா, ‘பேரெல்லாம் ரேடியோவுல சொல்ல மாட்டாங்கக்கா. கடைசியா வந்த காயிதத்தைக் காட்டுங்க, எந்தப் பக்கம்னு பாக்கறேன்’ என்றார். முந்தானை முடிச்சிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த கடிதத்தில் அனுப்பியவர் முகவரி 99 ஏ.பி.ஓ., அதாவது 99-ஆம் எண் ராணுவ அஞ்சலகம், என்று முடிந்தது. 56 ஏ.பி.ஓ. என்றால் மேற்கு எல்லை, 99 என்றால் கிழக்கு என்று கணக்கு. வெலிங்டனில் பயிற்சி முடித்துப் போன அந்தப் பையன் வங்காளப் பக்கம் இருக்கிறான் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் வந்து கிழக்குச் செய்தி முடியும்வரை மட்டும் உட்கார்ந்து கேட்டுவிட்டு, மேற்குச் செய்தி தொடங்கியதும் எழுந்து போய்விடுவார். மேற்கில் பிள்ளையைக் கொடுத்திருந்த இன்னொரு குடும்பம் அப்போது முன்னால் நகர்ந்து உட்காரும். அந்த அம்மாளின் மகன் திரும்பி வந்தார். எல்லோர் பிள்ளைகளும் திரும்பி வரவில்லை. டிசம்பர் 9-ஆம் நாள் ஐ.என்.எஸ். குக்ரி கப்பலோடு மட்டும் 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மூழ்கினார்கள்.

இரவு ஒன்பது மணி ஆங்கிலச் செய்தியை ஆசிரியர் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னார். இடையில் மின்சாரம் நின்றது. பஸ் கம்பெனி ஷெட்டில் சார்ஜ் ஏற்றி வைத்திருந்த பேட்டரிக்கு மாற்றி, நின்ற நேரத்தையும் மாற்றிய நேரத்தையும் பதிவேட்டில் எழுதி, அப்பா கையெழுத்திட்டார். அறையைப் பூட்டிய பிறகு அவரும் ஆசிரியரும் சிற்றலையில் வெளிநாட்டு நிலையங்களைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது உண்டு. அது பலகைக்கு வராது. பன்னிரண்டு நாள் கழித்து, டிசம்பர் 16 வியாழக்கிழமை மாலை, டாக்கா இப்போது ஒரு சுதந்திர நாட்டின் சுதந்திரத் தலைநகரம் என்று நாடாளுமன்றத்தில் பிரதமர் அறிவித்த செய்தியையும் ஊர் அங்கேதான் கேட்டது. அந்தப் போரில் கல்கத்தா வானொலியில் வங்காளச் செய்தி வாசித்த தேவதுலால் பந்தோபாத்யாயவுக்கு அரசு 1972-இல் பத்மஸ்ரீ கொடுத்தது. நம் ஊர் ஆபரேட்டருக்கு அந்த இரண்டு வாரத்துக்கான மிகைநேரப் படிகூட வரவில்லை. அது வேறு கதை, இந்த மடலில் அதைக் கேட்கப் போவதில்லை.

இவையெல்லாம் பழங்கதை, இப்போது ஆளுக்கு ஒரு கைப்பேசி இருக்கிறது என்று உங்கள் பொறியாளர் என்னிடம் சொன்னார். அப்படியானால் 2025 மே மாதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மே 7-ஆம் நாள் அதிகாலையில் ‘ஆபரேஷன் சிந்தூர்’ தாக்குதல் நடந்தது. அன்றே நாடெங்கும் 244 குடிமைப் பாதுகாப்பு மாவட்டங்களுக்குப் போர்க்கால ஒத்திகை அறிவிக்கப்பட்டிருந்தது. அடுத்த மூன்று நாட்களில் ஏ.டி.எம்.கள் இரண்டு மூன்று நாள் மூடிக் கிடக்கும் என்று பரவிய செய்தியை மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் பொய் என்று மறுக்க வேண்டியிருந்தது. எரிபொருள் போதிய அளவு இருக்கிறது, பதற்றப்பட்டு வாங்க வேண்டாம் என்று எண்ணெய் நிறுவனம் அறிக்கை விட வேண்டியிருந்தது. கராச்சித் துறைமுகம் தரைமட்டம் என்று தொலைக்காட்சிகள் கூவியதும், குடிமைப் பாதுகாப்புச் சங்கொலியை நிகழ்ச்சிகளில் பயன்படுத்தாதீர்கள் என்று அரசே தொலைக்காட்சிகளுக்கு அறிவுரை சொன்னதும் நடந்தன. என் தெருவில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசாப் பிள்ளைகள் ரயில் ஓடுமா, ஊருக்குப் போய்விடலாமா என்று கையில் ஆளுக்கொரு வீடியோவை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்கள். நம் ஊர் மக்களும் ஏ.டி.எம். வாசலில் வரிசையில் நின்றார்கள். 1971-இல் ஒரு புரளியை அடக்க ஒரு மதிய நேரம் போதுமாக இருந்தது. 2025-இல் இந்த நகராட்சியிடமிருந்து கையெழுத்திட்ட ஒரு வரி எங்காவது ஒட்டப்பட்டதா? நான் பார்க்கவில்லை.

கைப்பேசி இருந்தும் இல்லாமல் போகும் நேரங்கள் வரும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு டெல்டா மாவட்டங்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் நாள்கணக்கில் இல்லை. 2022 மார்ச் 1-ஆம் நாள் ரஷ்யப் படைகள் கீவ் நகரின் தொலைக்காட்சிக் கோபுரத்தைத் தாக்கின. அதை ஒட்டி பிபிசி, உக்ரைனுக்கும் ரஷ்யாவின் சில பகுதிகளுக்கும் நாளொன்றுக்கு 4 மணி நேரம் சிற்றலை ஒலிபரப்பை மீண்டும் கொண்டுவந்தது. காலாவதியாகிவிட்டது என்று எல்லோரும் கருதிய தொழில்நுட்பம்தான் அது. நம் ஒன்றிய அரசும் 2023-இல் கைப்பேசி நிறுவனங்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது: பேரிடர், அவசர காலங்களில் மக்களுக்குச் செய்தி போய்ச் சேரக் கைப்பேசிகளில் எஃப்.எம். வானொலி வசதியை முடக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். வானொலி தேவையில்லை என்று அந்த அரசு நினைக்கவில்லை. நம் நகராட்சி மட்டும் எதை வைத்து அப்படி முடிவு செய்தது?

ஓர் எதிர்வாதம் நியாயமானது; அதை மறைக்க நான் விரும்பவில்லை. நாள் முழுவதும் கூம்பில் சத்தம் விடும் காலம் முடிந்துவிட்டது. பூங்காவைச் சுற்றி இன்று மருத்துவமனைகள் இருக்கின்றன, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒலி மாசு விதிகளும் இருக்கின்றன. அப்பா காலத்துக் கூம்பை மறுபடியும் மரத்தில் கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. அறைக்குள்ளும் வாசலிலும் கேட்கும் அளவுக்கு ஒரு பெட்டி, ஒரு பலகை, ஒரு பொறுப்பாளர் இருந்தால் போதும். செல்ஃபி மேடையும் ஊருக்கு வரட்டும். பேருந்து நிலையத்தை ஒட்டிய கிழக்கு வாசலில் அதைவிட நல்ல வெளிச்சமும் இடமும் உண்டு, அங்கே இடிக்க வேண்டியது எதுவும் இல்லை.

நான் கேட்பவை இவை.

முதலாவதாக, வானொலி அறையை இடிக்கும் தீர்மானத்தை அடுத்த மன்றக் கூட்டத்தில் மறுபரிசீலனைக்கு எடுத்து, பொதுமக்கள் கருத்தைக் கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள். அதுவரை ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டாம்.

கிடங்கில் உள்ள அறைப் பொருட்களை ஏலப் பட்டியலிலிருந்து இன்றைக்கே நீக்குங்கள். பதிவேடுகள்தாம் இதில் மிக அவசரம். அவை தரையில் கிடக்கின்றன, கிடங்குக் கூரை ஒழுகுகிறது. அவற்றை உடனே எடுத்து, எத்தனை ஏடுகள், எந்தெந்த ஆண்டுகளுக்கு உரியவை என்று பட்டியலிட்டு, அந்தப் பட்டியலைப் பொதுவில் ஒட்டுங்கள். பிறகு தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்கோ தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கோ எழுதி, அவற்றை மின்படியாக்கக் கோருங்கள். சீட்டு ஒட்டியிருக்கும் 1971 டிசம்பர் 4-ஆம் நாள் பக்கத்தை அடையாளம் காட்ட என்னை எப்போது அழைத்தாலும் வருகிறேன்.

அறையைப் பழுது பாருங்கள். ஓடு மாற்றமும் சுவர்ப் பூச்சும் மின்கம்பி மாற்றமும்தான் தேவை. சுவர் உறுதியாகவே நிற்கிறது. உள்ளே மின்சாரம் இல்லாவிட்டாலும் இயங்கும் ஒரு வானொலிப் பெட்டியும், சூரிய ஒளியில் சார்ஜ் ஏறும் ஒரு பேட்டரியும் வையுங்கள்.

போர், வெள்ளம், தொற்று போன்ற காலங்களில் அந்த அறையைத் திறந்து வைப்பதையும், உறுதி செய்யப்பட்ட செய்தியை நேரமும் பொறுப்பு அதிகாரியின் கையெழுத்தும் சேர்த்து அங்கே தமிழிலும், நம் ஊரில் உழைக்கும் வெளிமாநிலத்தவர் படிக்கும் மொழிகளிலும் ஒட்டுவதையும் நிலையான நடைமுறையாக ஆக்கி, அதற்கென ஓர் அலுவலரைப் பெயர் சொல்லி நியமியுங்கள்.

இந்த மடலுக்கு எழுத்து மூலமான பதிலை அடுத்த மன்றக் கூட்டத்துக்கு முன்பாக எதிர்பார்க்கிறேன். பதில் வரும்வரை அந்தப் பதிவேடுகளில் ஒரு தாள்கூடக் கிடங்கை விட்டு வெளியே போகக் கூடாது என்று ஆணையாளர் அவர்கள் எழுத்தில் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்றாசிரியை,
நகராட்சி ரேடியோ ஆபரேட்டரின் மகள்